இகுயோவின் மன்னிப்புப் பெட்டி

தொபாத்தா என்கிற எங்கள் கடலோர ஊரில் சலவைக் கடை வைத்திருப்பவளுக்கு யாரும் வந்து ஊர்க்கதை சொல்ல வேண்டியதில்லை. துணியே சொல்லிவிடும். கோஹெய் வீட்டிலிருந்து வரும் துணியில் பாதிக்கு மேல் ரத்தக் கறைதான். கட்டடம் இடிக்கிற தொழிலாயிற்றே, அடிபடாமல் இருக்குமா என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்பார்கள். அடிபட்டவன் ரத்தம் முட்டியிலும் முழங்கையிலும் இருக்கும். அடித்தவன் மேல் தெறிக்கிற ரத்தம் நெஞ்சில் பொடிப்பொடிப் புள்ளியாக இருக்கும். கோஹெயின் சட்டைகள் எல்லாமே இரண்டாவது வகை. அவன் மனைவி இகுயோவின் சட்டைகளில் இருப்பது மூக்கிலிருந்து ஒழுகியது, கழுத்துப் பட்டியில் தொடங்கி நேராக இறங்கும்.

"தக்காளிச் சாறு கொட்டிடுச்சு, அக்கா" என்று நீட்டுவாள்.

"உங்க வீட்டுல மட்டும் தக்காளி பனிக்காலத்துலயும் காய்க்குது" என்று நான் வாங்கிக்கொள்வேன்.

எங்கள் தெருப் பெண்கள் 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்பார்கள். நானும் துணி வாங்கி வாங்கிப் பார்க்கிறேன், அணைத்ததற்கு ஒரு கறையும் இதுவரை வரவில்லை.

கோஹெய்க்கு அடிக்கக் காரணம் வேண்டாம், சாக்கு இருந்தால் போதும். சூப் ஆறிப்போயிருந்தது என்று நூடுல்ஸ் கடைக்காரரின் முகத்தை அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே அமுக்கினான். குப்பையைத் தப்பான நாளில் போட்டிருக்கிறீர்களே என்று பணிவாகச் சொன்ன தெரு சங்கத் தலைவருக்கு முன்பல் இரண்டு போயிற்று. பஸ் ஓட்டுநர் ஒருவரை ஜன்னல் வழியாகச் சட்டையைப் பிடித்து இழுத்ததில் அவர் தோள் கழன்றது. மறுநாள் காலையில் கோஹெய் ஒன்றும் நடக்காததுபோல் வேலைக்குப் போவான். இகுயோ கறுப்புப் பாவாடை, கறுப்புச் சட்டை போட்டு, உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்கக் கிளம்புவாள்.

வெறுங்கையோடு போக முடியாது. எங்கள் ஊரில் மன்னிப்புக்கு என்று ஒரு பெட்டி உண்டு. அதில் யோக்கான்தான் இருக்க வேண்டும். சிவப்புப் பயறை மசித்து, கடற்பாசிக் கூழும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி ஊற்றிய கட்டி அது, செங்கல் நீளம், ஏறக்குறைய செங்கல் கனம். செய்த தப்பு எவ்வளவு பாரமோ அவ்வளவு பாரமான இனிப்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது கணக்கு. அடிபட்டவர் வீட்டுப் பக்கத்துக் கடையில் வாங்கக்கூடாது, வருகிற வழியில் ஞாபகம் வந்து வாங்கினாயா என்று கேட்டுவிடுவார்கள். வாசலில் நின்றவுடன் நீட்டவும் கூடாது. தலை குனிந்து, திட்டு வாங்கி முடித்து, அவர்களாகப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் பையிலிருந்து எடுத்து, அவர்கள் பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் நகர்த்த வேண்டும். இதெல்லாம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இகுயோவைப்போல் தேர்ச்சி பெற்றவர் யாரும் கிடையாது.

அவள் முதல் மன்னிப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு போன கதையைக் கேட்டால் உங்களுக்கும் பற்றிக்கொண்டு வரும். அப்போது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. மீன் அரைத்துக் கட்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அங்கே மேஸ்திரி ஒருவன் இடுப்பைக் கிள்ளுவான். அப்போது மீன் பெட்டி இறக்குகிற வேலையில் இருந்த கோஹெய் அதைப் பார்த்துவிட்டான். மேஸ்திரியை ஐஸ் தொட்டியில் தலைகீழாக முக்கி, வெளியே எடுத்து, காதைக் கிழித்தான். இகுயோ அந்த நிமிடமே மனதைக் கொடுத்துவிட்டாள். போலீஸ் கேஸ் ஆகாமல் இருக்க வேண்டும் என்று, தன் இடுப்பைக் கிள்ளியவன் வீட்டுக்கே யோக்கானைத் தூக்கிக்கொண்டு போய்த் தரையில் நெற்றி வைத்தவளும் அவள்தான்.

"அன்னைக்கு அவரு எனக்காக அடிச்சாரு, அக்கா" என்று இன்றைக்கும் சொல்வாள்.

"ஆமா. அந்த ஒரு அடிக்கு இத்தன வருஷமா வட்டி கட்டிட்டிருக்க" என்றேன் ஒருமுறை. அவள் சிரித்தாள். சிரித்ததில் உதடு வெடித்த இடம் பிரிந்தது, உடனே வாயை மூடிக்கொண்டாள். ஒரு மகள் இருக்கிறாள். பள்ளி முடிந்த மறுவாரமே ஒசாகாவுக்கு ரயிலேறியவள், புத்தாண்டு அட்டைகூடப் போடுவதில்லை. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன ஜூலை மாதம் நடந்ததைச் சொல்கிறேன். கடலோரத்தில் பழைய ஐஸ் கிடங்கைக் கோஹெயின் ஆட்கள் இடித்துக்கொண்டிருந்தார்கள். தனபே என்கிற லாரி ஓட்டுநர் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது சக்கரம் கோஹெயின் சாப்பாட்டுப் பெட்டிமேல் ஏறிவிட்டது. தனபே இறங்கி வந்து தொப்பியைக் கழற்றி, "முதலாளி, தெரியாம..." என்றான். அதற்கு மேல் சொல்ல அவனுக்குத் தாடை இல்லை. கோஹெய் கடப்பாரையை இரண்டு கையாலும் பிடித்து வீசியிருந்தான்.

வேலையாட்கள் எல்லோரும் போலீசிடம் உத்திரம் விழுந்தது என்றே சொன்னார்கள். அவர்களுக்கு மறுநாள் கூலி வேண்டும், தாடையும் வேண்டும். தாடை எலும்பைக் கம்பி போட்டுக் கட்டியதால் தனபேயால் பேச முடியவில்லை. மனைவி நட்சுஹோவிடம் ஒரு தாளில் 'கடப்பாரை' என்று எழுதிக் காட்டினான். அவள் புகார் கொடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. பஸ் ஓட்டுநர் வழக்கில் கோஹெய்க்குச் சிறைத் தண்டனையே விதித்து, நல்லபடி நடந்துகொண்டால் உள்ளே போக வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். இன்னொரு புகார் வந்தால் இரண்டையும் சேர்த்து அனுபவிக்க வேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

"நாளைக்குப் போ. தலையத் தரையில முட்டு. போலீசுக்குப் போக மாட்டேன்னு அந்தப் பொம்பள வாயால சொல்லணும். சொல்ல வெக்காம வீட்டுப் படி ஏறாத" என்றானாம் கோஹெய்.

இகுயோ வாழ்க்கையில் முதல் தடவையாக, "இந்த ஒரு வாட்டி நீங்களே போயிட்டு வாங்களேன்" என்று சொல்லியிருக்கிறாள்.

அதற்குக் கிடைத்த பதிலோடுதான் காலையில் என் கடைக்கு வந்தாள். நடக்கிறாள், ஆனால் மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. விலாவில் தொட்டேன், என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஒடஞ்சிருக்குடி."

"இல்லக்கா. மோதிக்கிட்டேன்."

"எதுல?"

"அவரு கால்ல."

எனக்கு வந்த கோபத்தில் இஸ்திரிப் பெட்டியை ஒரு வெள்ளைச் சட்டைமேல் வைத்தபடியே மறந்துவிட்டேன். சட்டை தீய்ந்தது. "தூக்கிட்டுப் போக முடியல, அக்கா. பெட்டிய மட்டும் நீங்க எடுத்துட்டு வர்றீங்களா?" என்று கேட்டாள். அவளை அப்படியே போட்டு அறையலாமா என்றிருந்தது. கடைக் கதவை இழுத்து மூடிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டேன்.

ஒரு சிக்கல் இருந்தது. அவள் எப்போதும் வாங்குகிற இனிப்புக் கடைக்காரர் இடுப்பு எலும்பு முறிந்து மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த மனிதர் இகுயோவின் முகத்தைப் பார்த்தவுடன் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். வெள்ளைக் காகிதத்தில், கயிறு நாடா எதுவும் இல்லாமல் மொட்டையாகச் சுற்றிக் கொடுத்துவிடுவார். மன்னிப்புப் பெட்டிக்கு அதுதான் முறை. அதனால் இத்தனை வருஷத்தில் 'மன்னிப்புக் கேட்கப் போகிறேன்' என்ற சொல்லை அவள் ஒரு கடையிலும் வாய் திறந்து சொன்னதில்லை.

அன்றைக்கென்று பார்த்து மார்க்கெட் தெரு முனையில், முன்பு சாவி செய்கிறவன் உட்கார்ந்திருந்த இடத்தில், புதிதாக ஒரு இனிப்புக் கடை திறந்திருந்தார்கள். உட்கார இடம் கிடையாது, பார்சல் மட்டும். ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடி ஜன்னல், அதன் கீழே பலகை. உள்ளே பட்டாணிப் பச்சையிலும் ரோஜா நிறத்திலும் பூ மாதிரி, இலை மாதிரிச் செய்த சின்னச் சின்ன இனிப்புகள் வரிசையாக இருந்தன. வாசலில் வாழ்த்துப் பூ வளையங்கள். கோடை மரியாதைப் பெட்டி அனுப்புகிற காலம் வேறு, முதலாளிக்கு, டாக்டருக்கு, டியூஷன் வாத்தியாருக்கு என்று ஊரே வரிசையில் நின்றது. இந்தத் தெருவில் ஒருவன் அடிபட்டால் கூட்டம் கூடும், இனிப்புக்கும் அதே கூட்டம்தான்.

ஜன்னலுக்குள் இருந்த பெண்ணின் பெயர் கொனோமி. சட்டைக் கையைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தாள். புருஷன் பின்னால் அடுப்படியில் நிற்கிறான், அவள் முன்னால் விற்கிறாள். முதல் நாள் என்பதால் அவளுக்குக் கால் தரையில் இல்லை. வரிசையில் வந்த எல்லோருக்கும் சுட்ட மாவு உருண்டை ஒன்று, பாகு வழிய, குச்சியில் குத்திக் கொடுத்தாள்.

"சாப்பிட்டுக்கிட்டே பாருங்கம்மா. என்ன வேணும்?"

இகுயோ உருண்டையை வலிக்காத பக்கத்துப் பல்லில் மென்றாள். அவள் கண் விரிந்ததைப் பார்த்தேன். "அக்கா, இது இவ்ளோ நல்லா இருக்குமா?" என்று என்னிடம் கேட்டாள். எத்தனையோ வீட்டுக்கு இனிப்புத் தூக்கிப் போயிருக்கிறாளே தவிர, தனக்கென்று ஒரு துண்டு வாங்கித் தின்றதில்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்று குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"யோக்கான் இருக்கா?" என்றாள் இகுயோ.

"இருக்கும்மா. துண்டு போட்டதா, முழுக் கட்டியா?"

"முழுக் கட்டி. நல்லா கனமா."

கொனோமி சிரித்துவிட்டாள். "எல்லாரும் இனிப்பா கேப்பாங்க, நீங்க கனமா கேக்கறீங்க! எங்க வீட்டுக்காரர் கைக்கு எல்லாமே கனமாத்தான் வரும். அஞ்சு கட்டி வெக்கட்டுமா?"

"வெய்யி."

"யாருக்கும்மா? எப்படிக் கட்டணும்?"

இகுயோ வாயைத் திறந்தாள். பின்னால் தெரு சங்கத் தலைவரின் மருமகள் நிற்கிறாள், நூடுல்ஸ் கடைக்காரரின் தங்கை நிற்கிறாள். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவள் கறுப்பு உடையைப் பார்த்தாலே எதற்கு என்று தெரியும், இருந்தாலும் அவள் வாயால் கேட்க வேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் வாய் மூடிக்கொண்டது.

"அந்தக் கரையில... ஒரு வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

"ஓ, மரியாதைப் பெட்டியா! கவலையே படாதீங்க, ஜோராக் கட்டித் தர்றேன்."

நான் குறுக்கே புகுந்து சொல்லியிருப்பேன். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒருவன் நெட்டித் தள்ளினான். பகலிலேயே சாராயக் கடையில் நின்று குடித்துவிட்டு, பெண்டாட்டி சொன்னாள் என்று வரிசைக்கு வந்தவன். "முன்னாடி என்ன கல்யாணப் பேச்சா நடக்குது? நகருங்கடி" என்று இகுயோவின் தோளைப் பிடித்து உந்தினான். அவள் விலா பலகை விளிம்பில் போய் மோதியது. அவள் கத்தவில்லை. காற்று மட்டும் வெளியே வந்தது.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. குடையால் அவன் முழங்காலில் ஒன்று வைத்தேன், குனிந்தான், முதுகில் ஒன்று வைத்தேன். குடைக்கம்பி முறிந்தது. அவன் எழுந்து என் கழுத்துத் துண்டைப் பிடித்தான், நான் அவன் கட்டை விரலைப் பல்லால் பிடித்தேன். ஒரு பூ வளையம் எங்கள் மேல் சாய்ந்தது. கடைசியில் கொனோமியின் புருஷன் மாவுக்கரண்டியோடு ஓடி வந்து பிரித்துவிட்டான். திறப்பு விழாவில் ரத்தம் சிந்தியது எனக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

இந்த அமளியில் பெட்டி எப்படிக் கட்டப்பட்டது என்று நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. திரும்பியபோது அது மேல்காகிதம் சுற்றி, பைக்குள் போய், தயாராக இருந்தது. கொனோமி அதை நீட்டினாள். "நல்லபடியாப் போயிட்டு வாங்கம்மா" என்றாள்.

வளைகுடாவின் அந்தக் கரை வகமட்சு. படகில் ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். பை என் மடியில் இருந்தது. சிவப்புப் பாலத்துக்குக் கீழே போகும்போது இகுயோ, "அந்தம்மா சரின்னு சொல்லலேன்னா நான் எங்க போறது, அக்கா?" என்று கேட்டாள். "சொல்லிட்டா மட்டும் எங்கடி போற? அதே வீட்டுக்குத்தானே" என்றேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

தனபே வீடு மேட்டுத் தெருவில் இருந்தது. நட்சுஹோ கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. உள்ளே பாயில் தனபே படுத்திருந்தான். முகம் ஊதி, வாயிலிருந்து ஒரு குழாய் தொங்கியது. இகுயோ செருப்பு விடுகிற சிமெண்டுத் தரையிலேயே மண்டியிட்டு நெற்றியை வைத்தாள். விலா எலும்பு உடைந்தவள் அப்படிக் குனிந்தால் என்ன வலி வலிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவள் முதுகு நடுங்கியது, குரல் நடுங்கவில்லை.

"எங்க வீட்டுக்காரர் பெரிய பாவம் பண்ணிட்டாரு. மன்னிக்கச் சொல்லிக் கேக்க எனக்கு மூஞ்சி இல்ல."

நட்சுஹோ திட்டினாள். குழல் வைத்துக் கஞ்சி ஊற்றுவதைச் சொன்னாள், தூக்கத்தில் அவன் கம்பியைக் கடித்துக்கொண்டு முனகுவதைச் சொன்னாள், இனிமேல் லாரி ஓட்டுவானா என்று தெரியாததைச் சொன்னாள். இகுயோ அசையவில்லை. அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. கடைசியில், "என்ன கொண்டு வந்திருக்கீங்களோ அத வெச்சிட்டுப் போங்க. யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

அவ்வளவுதான், வேலை முடிந்தது. இந்த 'யோசிச்சுச் சொல்றேன்' எதில் போய் முடியும் என்று இகுயோவுக்கு மனப்பாடம். பெட்டியை எடுத்தாள், திருப்பினாள், இரண்டு கையாலும் நகர்த்தினாள்.

கொண்டுவந்தவர் எதிரில் பெட்டியைப் பிரிப்பது எங்கள் வழக்கமில்லை. நட்சுஹோ பிரித்தாள். "வாய மூட ரூவா ஏதாச்சும் ஒளிச்சு வெச்சிருக்கியா, பாக்கறேன்" என்று மேல்காகிதத்தை ஒரே இழுப்பில் கிழித்தாள். உள்ளே பெட்டியின்மேல் விசேஷக் காகிதம் ஒட்டியிருந்தது. அதன்மேல் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நாடா. அதைப் பட்டாம்பூச்சி மாதிரி இரண்டு இறக்கை விரித்து முடிச்சுப் போட்டிருந்தாள் கொனோமி. அழகாகத்தான் போட்டிருந்தாள்.

எங்கள் நாட்டில் அந்த முடிச்சு எதற்கு என்று குழந்தைக்கும் தெரியும். நுனியைப் பிடித்து இழுத்தால் அவிழும், எத்தனை தடவை வேண்டுமானாலும் மறுபடி கட்டலாம். பிள்ளை பிறந்தால், பரிசு கொடுத்தால், இது மறுபடி மறுபடி நடக்கட்டும் என்று வாழ்த்திப் போடுகிற முடிச்சு அது. ஒரே தடவை நடக்க வேண்டிய கல்யாணத்துக்குக்கூட அதைப் போடமாட்டார்கள். தாடை உடைந்தவன் வீட்டுக்கு நாங்கள் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தோம்.

நட்சுஹோ நாடா நுனியை இழுத்தாள். அவிழ்ந்தது. மறுபடி கட்டினாள். மறுபடி இழுத்தாள்.

"இன்னொரு வாட்டி அடிக்கறோம்னு சொல்லி அனுப்பினானா?" என்றாள் மெதுவாக. அப்புறம் குரல் கிளம்பியது. "இன்னும் பல்லு பாக்கி இருக்குன்னு சொல்லி அனுப்பினானாடி உன் புருஷன்?"

நட்சுஹோ எறிந்த முதல் கட்டி இகுயோவின் புருவத்தில் விழுந்தது. மொத்தென்று ஒரு சத்தம், தோல் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. இரண்டாவது என் தோளில். மூன்றாவதை அவள் எடுப்பதற்குள் நான் படியேறி அவள் கூந்தலைப் பிடித்துவிட்டேன். "கடைக்காரப் பொண்ணு தெரியாமக் கட்டிட்டாடி! இவ எலும்பு உடஞ்சு வந்திருக்கா, இவளப் போய் அடிக்கறியே!" அவள் என் கன்னத்தில் விட்டாள், நான் திருப்பி விட்டேன். முதுகில் இருந்த குழந்தை வீறிட்டது. கம்பிக்குள்ளிருந்து தனபே மாடு மாதிரி ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டு தரையைக் கையால் அடித்தான். அவள் நகம் என் காதைக் கிழித்தது.

"சரியாத்தான் கட்டியிருக்கா."

இகுயோ சொன்னது மெல்லிய குரலில்தான். எப்படியோ எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. அவள் மண்டியிட்டபடியே அந்த நாடாவைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தம் சொட்டி வெள்ளை இழையும் சிவப்பாகிக்கொண்டிருந்தது.

"பழைய கடைக்காரர் ஒவ்வொரு வாட்டியும் மொட்டையாத்தான் சுத்திக் குடுத்தாரு. நானும் ஒவ்வொரு வீட்டுலயும் இதான் கடேசி, இனிமே நடக்காதுன்னு சொன்னேன். பல்லுப் போனவங்க வீட்டுல சொன்னேன், தோளு கழண்டவங்க வீட்டுல சொன்னேன். எல்லாம் பொய்யி. நான் பொட்டியத் தூக்கிட்டுப் போறதாலதான் அவரு மறுநாளு நிம்மதியா வேலைக்குப் போறாரு. நிம்மதியா அடுத்தவன அடிக்கறாரு. அந்தப் பொண்ணு இதுக்கு முன்ன என்னப் பாத்ததே இல்ல, ஆனா உள்ளதத்தான் கட்டியிருக்கா."

நட்சுஹோவின் கை என் காதிலிருந்து இறங்கியது. நானும் அவள் கூந்தலை விட்டேன். இகுயோ சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழும்போதுதான் வாய்விட்டு, "ஐயோ" என்றாள். எனக்குத் தெரிந்து அவள் வலிக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"உத்திரம் விழல" என்றாள் நட்சுஹோவைப் பார்த்து. "ஆளுங்களுக்கு டீ குடுக்க நான் போயிருந்தேன். கூஜாவோட அங்கதான் நின்னேன். ரெண்டு கையாலயும் பிடிச்சு அடிச்சாரு. உன் புருஷன் தொப்பியக் கழட்டி மன்னிப்புக் கேட்டுட்டிருக்கும்போதே அடிச்சாரு. கெளம்பு, போலீசுக்குப் போலாம். நான் சொல்றேன்."

"நீ... நீங்க அவன் பொண்டாட்டி."

"ஆமா. என்னவிட யாருக்கு நல்லாத் தெரியும்?"

தனபே பாயிலிருந்து அவளைப் பார்த்தான். பேச முடியாதவன், தலையை மட்டும் கொஞ்சம் தாழ்த்தினான். அவளுக்கு ஒருவர் தலை தாழ்த்தி நான் அன்றுதான் பார்த்தேன்.

காவல் நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். பொறுமையாகக் கேட்டார். இகுயோ கடப்பாரையில் தொடங்கினாள், எங்கேயோ போய் ஐஸ் தொட்டியில் முடித்தாள். "உங்க நெத்தியில இது யாரு?" என்று அதிகாரி கேட்டபோது நட்சுஹோவுக்கு முகம் வெளுத்தது. "இது யோக்கான். நான் கொண்டுபோனதுதான், இதுக்குப் புகார் இல்ல" என்றாள் இகுயோ. பிறகு எழுந்து நின்று சட்டையை மேலே தூக்கினாள். விலாவில் பூட்ஸ் அச்சு ஊதா நிறத்தில் அப்படியே பதிந்திருந்தது, முதுகில் மஞ்சளாகிப்போன பழைய அடித் தடங்கள். துணியை மட்டுமே பார்த்து வந்தவள் நான், அன்றுதான் உடம்பைப் பார்த்தேன்.

அன்றிரவு வீட்டுக்குப் போக வேண்டாம், தங்க இடம் ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள். மாற்றுத் துணி என் கடையில் வெளுத்து மடித்து இருந்தது. அதை எடுக்கத்தான் நாங்கள் சாயங்காலம் படகேறித் திரும்பினோம். இறங்கிய கையோடு, படகுத்துறைச் சந்தில் இருக்கிற சாராயக் கடை வாசலில் போலீஸ் வண்டிகளைப் பார்த்தோம். கோஹெய் வழக்கமாக அங்கேதான் நின்றபடியே குடிப்பான்.

அவனை வெளியே கொண்டுவர நாலு பேர் வேண்டியிருந்தது. உள்ளே பாட்டில்கள் உடைகிற சத்தம் கேட்டது. ஒரு ஸ்டூல் ஜன்னலை உடைத்துக்கொண்டு தெருவில் வந்து விழுந்தது. கையைப் பின்னால் முறுக்கி இழுத்து வந்தார்கள். அவன் நெற்றியெல்லாம் ரத்தம், அது யாருடையது என்று இந்த முறை எனக்கே சொல்லத் தெரியவில்லை.

அவளைப் பார்த்துவிட்டான்.

"இகுயோ! வந்துட்டியா! சொல்லுடி இவனுங்ககிட்ட! அந்தப் பொம்பள ஒத்துக்கிட்டால்ல? உத்திரம் விழுந்துச்சுன்னு சொல்லு!"

அவன் அவள் முகத்தையே பார்த்தான். அடித்துப் பழகியவனுக்கு அந்த முகத்தில் எது மாறினாலும் தெரியும். அவனுக்குப் புரிந்துவிட்டது. "அடியே!" என்று கத்திக்கொண்டு, பக்கத்தில் பிடித்திருந்த போலீஸ்காரனின் முகத்தில் தலையால் முட்டினான். இளவயதுப் பையன் அவன். மூக்கெலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. முகத்தைப் பொத்திக்கொண்டு தெருவில் உட்கார்ந்துவிட்டான், விரலிடுக்கில் ரத்தம் ஒழுகியது.

இகுயோவின் கால் அந்தப் பையனை நோக்கிப் போயிற்று. அவள் போகவில்லை, கால்தான் போயிற்று. கை இரண்டும் தொடைக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டன. இடுப்பு வளையத் தொடங்கியது. அடுத்து என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும்: 'எங்க வீட்டுக்காரர் உங்களுக்குப் பெரிய தொந்தரவு குடுத்துட்டாரு.' "வேண்டாம்டி!" என்று கத்த வாயெடுத்தேன். வண்டிக்குள் திணிக்கப்பட்டுக்கொண்டிருந்த கோஹெயும் அவளைப் பார்த்தான். குனிகிறாள் என்று தெரிந்ததும் அவன் திமிறுவதை நிறுத்திவிட்டான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பாதி வளைந்தவள் அப்படியே நின்றாள். விலா வலித்ததா, வேறு எதுவுமா, எனக்குத் தெரியாது. மெல்ல நிமிர்ந்தாள். கைக்குட்டையை எடுத்து அந்தப் பையன் கையில் திணித்தாள்.

"தம்பி, தலைய அண்ணாந்துக்காத, ரத்தம் தொண்டைக்குள்ள போயிரும்" என்றாள். "யாரு முட்டினான்னு எழுதிக்கோ. இதுக்கும் நான்தான் சாட்சி."